கேட்டதும் சொன்னதும்: ஆரின்ர காசு, ஆரின்ர வீடு?

போன இதழில "சண்டைக்குப் பிறகு வந்த வெளிநாட்டுக் காசு பற்றிக் கேள்வி அனுப்புங்கோ" எண்டு ஒரு வரிதான் போட்டனாங்கள். வந்து குவிஞ்ச கடிதத்தையும் வட்ஸ்அப்பையும் பார்த்தா, இதை ஆரும் கேக்கமாட்டினமோ எண்டு சனம் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டு இருந்த மாதிரிக் கிடக்கு. எல்லாத்துக்கும் இடமில்லை, விடுபட்ட ஆக்கள் கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, எங்கட ஊர் ரோட்டால போனா சந்திக்குச் சந்தி ஒரு நாட்டுக்கொடி போட்ட போர்ட் நிக்குது. பாலத்துக்கு ஒண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு, பொதுக்கிணத்துக்கும் ஒண்டு. இவ்வளவு பேர் உதவி செய்தும் நாங்கள் ஏன் இப்பிடியே கிடக்கிறம்? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: அடுத்தமுறை அந்த போர்டுக்குக் கிட்டப் போய் நிண்டு வடிவா வாசியுங்கோ அண்ணை. "உதவி" எண்டு எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு சாமான் ஒளிச்சிருக்கு. ஒண்டு நன்கொடை, அது திருப்பிக் குடுக்கத் தேவையில்லை. மற்றது கடன், வட்டியோட கட்டவேணும். ரெண்டுக்கும் ஒரே கொடி, ஒரே றிபன் வெட்டு, ஒரே மாலை.

கண்டியில இருந்து யாழ்ப்பாணம் வாற ஏ9 ரோட்டு காப்பெட் ஆனது சீனாவின்ர எக்ஸிம் வங்கிக் கடனில. 1990-ல நிண்டுபோன ரெயில் 2014 ஒக்டோபர் 13-ம் திகதி திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது, அண்டைக்கு ஸ்டேசனில இடிபட்ட சனத்தில நானும் ஒருத்தி, கண்ணீர் வந்தது எண்டும் ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்தத் தண்டவாளமும் இந்தியா தந்த கடன்தான், காங்கேசன்துறைப் பாதை, தலைமன்னார்ப் பாதை எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 80 கோடி டாலர். வேலை செய்தது இந்தியாவின்ர இர்கொன் கம்பனி. கடன் தாற நாட்டின்ர கம்பனிக்கே வேலை போறது இந்தியா மட்டும் செய்யிற காரியம் இல்லை, சீனாக்காரரும் அப்பிடித்தான், ஆள் அம்பு மெசின் எல்லாத்தோடயும்தான் வந்து இறங்கினவை.

கடனை ஆர் கட்டுறது? மொனராகலையில பருப்பு வாங்கிற விவசாயியும் வட்டக்கச்சியில சீனி வாங்கிற பொம்பிளையும் சேர்ந்துதான், வாங்கிற சாமானுக்குக் கட்டுற வரியா. 2022 ஏப்ரலில நாடு "கட்டேலாது" எண்டு கையை விரிச்சதுக்கு வடக்கு ரோட்டுக் கடன்தான் காரணம் எண்டு நான் சொல்லவரேல்லை, அதில பெரிய பங்கு கூடின வட்டிக்கு வித்த சர்வதேசப் பிணைமுறி எண்ட கடன்பத்திரங்களுக்குத்தான். ஆனாலும் "உங்கட வடக்குக்கு எவ்வளவு கொட்டினம்" எண்டு கொழும்பில ஆராவது சொன்னா, அதில எங்கட காசும் கிடக்கு எண்டு நீங்கள் தைரியமாச் சொல்லலாம்.

ஏன் இப்பிடியே கிடக்கிறம் எண்டு கேட்டியள். ரோட்டு ரெண்டு பக்கமும் போகும் அண்ணை. ஏ9 திறந்த கையோட எங்கட மரக்கறி தம்புள்ளைக்குப் போனதை விட வேகமா அங்கயிருந்து லீசிங் கம்பனியும் நுண்கடன்காரரும் வந்தவை. வேலையில்லாத ஊருக்கு நல்ல ரோட்டும் லேசான கடனும் சேர்ந்து வந்தா என்ன நடக்கும்? கிழமைக்கிழமை வாசலில வந்து நிண்டு தவணை கேட்டவை, கடைசியில 2018-ல அரசாங்கமே வறட்சி பாதிச்ச 12 மாவட்டத்துப் பெண்களின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

கேள்வி: இந்தியா 50,000 வீடு இலவசமா கட்டிக் கொடுத்துச்சுன்னு இங்க டிவில எல்லாம் சொன்னாங்க மேடம். அப்புறமும் "வீட்டால கடனாளி ஆயிட்டோம்"னு அங்க சிலர் பேசுறது சுத்தமா புரியல. இலவச வீட்டுல எப்படி கடன் வரும்? (சென்னை வாசகர்)

பதில்: கட்டிக் குடுக்கேல்லை தம்பி, கட்டக் காசு குடுத்தது. இதுக்குள்ளதான் முழுக்கதையும் இருக்கு.

2010-ல அறிவிச்ச திட்டம் அது. முதல் 1,000 வீட்டை பரீட்சார்த்தமா கம்பனிக்காரரே கட்டிக் குடுத்தவை. பிறகு 2012 ஒக்டோபர் 2-ல தொடங்கின பெரிய கட்டத்தில முறையை மாத்திச்சினம். வீட்டுக்காரரே கட்டவேணும், புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபா, திருத்துறதுக்கு 2,50,000, காசு கட்டம் கட்டமா நேர பயனாளியின்ர வங்கிக் கணக்குக்கே வரும். யூஎன் ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி அமைப்புகள் பார்த்துக்கொள்ளுவினம். மலையகத்துக்கு ஒதுக்கின 4,000 வீட்டையும் சேர்த்து மொத்தம் கிட்டத்தட்ட 1,372 கோடி இந்திய ரூபா, முழுக்க நன்கொடை. அரசியல்வாதியின்ர கையால போகாமல் நேரக் கணக்குக்கு வந்தது எண்டது இஞ்ச சின்ன விசயம் இல்லை. சண்டைக்குப் பிறகு வந்த எல்லாத்துக்கையும் ஒண்டு திறம் எண்டு சொல்லச் சொன்னா நான் இதைத்தான் சொல்லுவன்.

ஆனா இதே மாதிரி முறையில கட்டின என்ர சின்னம்மாவின்ர வீட்டுக் கதையையும் கேளுங்கோ. எந்தத் திட்டம் எண்டு கேக்கப்படாது, அப்ப கனக்க அமைப்புகள் இப்பிடித்தான் செய்தவை. மனுசன் காணாமல் போய், ரெண்டு பொம்பிளைப்பிள்ளையளோட தறப்பாள் கொட்டிலுக்க இருந்தவ. முதல் காசு வந்தது, அத்திவாரம் போட்டாச்சு. ஆனா அந்த மாசம் அத்திவாரம் போட்டது அவ மட்டும் இல்லை, முழு ஊரும். மண் ஒரு லோட் தை மாசம் ஒரு விலை, மாசியில வேற விலை. மேசனைப் பிடிக்கிறதெண்டா விடிய அஞ்சு மணிக்கு அவரின்ர படலையில போய் நிக்கவேணும். அடுத்த காசு வரவேணுமெண்டா, இந்தக் கட்ட வேலை முடிஞ்சு ஒரு தம்பி மோட்டார்சைக்கிளில வந்து படம் எடுத்துக் கையெழுத்து வைக்கவேணும். சுவர் யன்னல் மட்டத்தில நிக்கேக்க காசு முடிஞ்சுது. காப்பு ரெண்டும் அடைவுக்குப் போச்சு. கூரை மரத்துக்கு ஊருக்குள்ள வட்டிக்கு எடுத்தவ. குடிபூரலுக்கு நான் போகேக்க முன்கதவு மட்டும்தான் மரக்கதவு, அறைகளுக்கு எல்லாம் பழைய சீலை தொங்கினது. அண்டைக்கும் ஒரு தம்பி வந்து முன்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்.

"குடுத்த காசுக்கு அளவா சின்னதாக் கட்டியிருக்கலாமே" எண்டு கனபேர் சொல்லுவினம், கொழும்பில இருந்து வந்த ஒரு ஆய்வாளர் என்னட்டயே சொன்னவர். எங்கட பக்கத்தில வீடு எண்டது பொம்பிளைப்பிள்ளைக்கு எழுதிக் குடுக்கிற சீதனம். ரெண்டு பிள்ளை இருக்கிற தாய் 550 சதுர அடியோட நிப்பாட்டுவாவோ? அவ மூண்டாவது அறைக்கும் சேர்த்துத்தான் அத்திவாரம் வெட்டினவ. அறிக்கையில "பயனாளியின் பங்களிப்பு" எண்டு ஒரு வரி வருமெல்லோ, அந்தப் பங்களிப்புத்தான் சின்னம்மாவின்ர காப்பு. இண்டைக்கும் மீட்கேல்லை.

கேள்வி: தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கப்படாது எண்டுவினம். பொருத்து வீட்டை வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பினது சரியோ? கொட்டிலுக்க இருந்த சனத்துக்கு அதையாவது குடுத்திருக்கலாமே. (முல்லைத்தீவு வாசகி)

பதில்: முதல்ல, அது தானமே இல்லைத் தங்கச்சி. மாடும் கடனுக்குத்தான்.

மற்ற ஊர் வாசகருக்காகச் சுருக்கமாச் சொல்லுறன். 2015, 16-ல அப்பத்தைய அரசாங்கம் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு கொண்டுவரப் பார்த்தது, ஆர்செலர்மிட்டல் எண்ட உலகத்துப் பெரிய இரும்புக் கம்பனி செய்து தரும், காசும் அவையே கடனா ஒழுங்குபண்ணித் தருவினம். வீடொண்டுக்கு முதல் சொன்ன விலை 21 லட்சத்துக்கும் மேல. சோலார், டிவி, தளபாடம் எல்லாம் அதுக்குள்ள வருமாம். அதின்ர பாதிக் காசுக்கு ஊரில கல்வீடு கட்டலாம். அப்ப தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி.யா இருந்த சுமந்திரன் வெளிப்படையா எதிர்த்தவர், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல்காரரும் குறை சொல்லிச்சினம்.

மாதிரி வீடு வைச்சிருந்தவை, நான் ஒண்டைப் போய்ப் பார்த்தனான். வைகாசி வெயில், மத்தியானம். உள்ளுக்குப் போய் சுவரில கை வைச்சிட்டு டக்கெண்டு எடுத்தன். என்னோட வந்த மாமி ஒராள் சுவரை விரலால தட்டித் தட்டிப் பார்த்திட்டு "இதில ஒரு சாமிப்படம் கொழுவ ஆணி அடிக்கலாமோ" எண்டு கேட்டா, நிண்ட பிள்ளைக்குப் பதில் தெரியேல்லை. அடுப்பு எங்க வைக்கிறது, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்டலாமோ, துருப்பிடிச்சா ஆர் வருவினம் எண்டு மாமியின்ர கேள்வி நீண்டுகொண்டே போச்சு. நிபுணர்மாரின்ர அறிக்கையில இருந்ததும் கிட்டத்தட்ட இதுதான், என்ன, அவைக்கு இருவது பக்கம் தேவைப்பட்டது.

அந்த 65,000 எண்ட கணக்கு நடக்கவேயில்லை. திருப்பி அனுப்பினது சரிதான் எண்டுதான் நான் இண்டைக்கும் சொல்லுவன். அதுக்காக உங்கட கோவம் பிழை எண்டு சொல்லமாட்டன், ஏனெண்டா "வேண்டாம்" எண்டு சொன்ன எங்களில கனபேருக்கு அப்ப தலைக்கு மேல கூரை இருந்தது, நீங்கள் மழைக்குத் தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தனீங்கள்.

கேள்வி: மேற்கு நாடுகள் எல்லாம் ஒண்டாச் சேர்ந்து காசை நிப்பாட்டியிருந்தா அரசாங்கம் வழிக்கு வந்திருக்கும்தானே அக்கா? ஏன் செய்யேல்லை? (ரொறன்ரோ வாசகர்)

பதில்: செய்து பார்த்தவை தம்பி, சரிவரேல்லை. 2003 ஆனியில தோக்கியோவில மாநாடு வைச்சு, நாலு வருசத்துக்கு 450 கோடி டாலர் தாறம், ஆனா சமாதானப் பேச்சு முன்னேறவேணும் எண்டு சொல்லிச்சினம். ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, நோர்வே எண்டு நாலு இணைத்தலைமை. புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவேயில்லை. காசைக் காட்டிச் சமாதானத்தை வாங்கலாம் எண்டது நினைப்பு, அடிபடுற ரெண்டு பேரும் காசுக்காகச் சண்டை பிடிக்கேல்லை எண்டதை மறந்துபோச்சினம். பிறகு சுனாமி வந்து, அந்தக் காசையாவது சேர்ந்து பங்கிடுவம் எண்டு 2005 ஆனியில பொதுக்கட்டமைப்பு எண்ட ஒப்பந்தம் எழுதினவை, அடுத்த மாசமே உயர்நீதிமன்றம் அதின்ர முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டுது. வழக்குப் போட்டது ஜே.வி.பி. இண்டைக்கு ஆட்சியில இருக்கிற அதே ஆக்கள்தான், அதைப் பற்றி இன்னொரு நாள் கதைப்பம்.

2009 ஆடியில, முள்ளிவாய்க்கால் முடிஞ்சு ரெண்டு மாசம், ஐஎம்எஃப் 260 கோடி டாலர் கடனுக்கு ஓம் எண்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் வாக்களிக்காமல் ஒதுங்கி நிண்டவை. ஒதுங்கி நிண்டவை, அவ்வளவுதான், கடன் பாஸாப் போச்சு. 2010 ஆவணியில ஐரோப்பா எங்கட ஏற்றுமதிக்குக் குடுத்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை மனித உரிமையைச் சொல்லி நிப்பாட்டினது, அது திரும்பி வரக் கிட்டத்தட்ட ஏழு வருசம் எடுத்தது, அந்த ஏழு வருசமும் அடி விழுந்தது மகிந்தவுக்கோ கார்மென்ட் தைக்கிற பிள்ளையளுக்கோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இடையில சீனா ஒண்டும் கேக்காமல் காசு குடுத்தது. நிபந்தனை போடுறவர் ஒராள் மட்டுமே கடன் குடுக்கிற காலத்திலதான் நிபந்தனைக்கு மரியாதை. சந்தியில ரெண்டு வட்டிக்கடை இருந்தா ஆர் முதல் கடைக்காரனின்ர புத்திமதியைக் கேப்பினம்?

கேள்வி: என்.ஜி.ஓக்காரர் வந்து கோழி குடுத்து, ஆடு குடுத்து, படம் எடுத்துக்கொண்டு போட்டினம். கோழியும் இல்லை, அவையும் இல்லை. இவை எல்லாரும் கள்ளர் தானே? (மன்னார் வாசகர்)

பதில்: கள்ளரும் இருந்தவை. ஆனா எல்லாரையும் அப்பிடிச் சொன்னா எனக்கு மனம் வராது, நானும் ரெண்டு வருசம் ஒரு அமைப்பில மொழிபெயர்ப்பு வேலை பார்த்து அந்தக் காசில சாப்பிட்டனான்.

உள்ளுக்க இருந்து பார்த்ததைச் சொல்லுறன். திட்டம் ஒரு வருசம், சிலது ஆறு மாசம். காசு வந்து சேரவே ரெண்டு மாசம் போயிடும். மிச்சத்துக்குள்ள இத்தினை குடும்பத்துக்கு "வாழ்வாதாரம்" குடுத்தது எண்டு அறிக்கை எழுதவேணும், அதை வாசிக்கப்போறவர் ஜெனீவாவிலயோ ஒஸ்லோவிலயோ இருக்கிறார், கோழி வாங்கின அம்மாவிட்ட அதை ஆரும் வாசிச்சுக் காட்டப்போறதில்லை. எண்ணக்கூடிய சாமானைக் குடுத்தாத்தான் எண்ணி எழுதலாம். கோழியை எண்ணலாம். வன்னியில ஒரு கிராமத்தில மூண்டு அமைப்பு, ஒண்டுக்கு ஒண்டு தெரியாமல், தையல் மெசின் குடுத்திருந்தவை. ஒரே ஒழுங்கையில பதினொரு மெசின், தைக்கக் குடுக்க அந்த ஊரில ஆளில்லை. ரெண்டு வருசம் கழிச்சுப் போனன், ஒரு வீட்டில மெசினுக்கு மேல பூப்போட்ட துணி விரிச்சு டிவி வைச்சிருந்தவை. நல்ல உறுதியான மேசை.

மற்றப் பக்கமும் சொல்லவேணும். 2009-க்குப் பிறகு பசில் ராஜபக்சவின்ர தலைமையில இருந்த ஜனாதிபதி செயலணியின்ர அனுமதி இல்லாமல் ஒரு அமைப்பும் வடக்குக்குள்ள வேலை செய்யேலாது. சீமெந்து, கிணறு, மலசலகூடம் எண்டா கையெழுத்து விழும். பிள்ளையைத் துலைச்ச தாய்மாரை இருத்தி வைச்சுக் கதைக்கப்போறம், உளவளத்துணை குடுக்கப்போறம் எண்டா ஃபைல் அப்பிடியே மேசையில படுக்கும். அப்பிடியெண்டா ஒரு அமைப்பு என்ன செய்யும்? கோழி குடுக்கும். வவுனியாவில மெனிக்பாம் மாதிரி அகதி முகாம்களும் இதே கணக்குத்தான். கிட்டத்தட்ட மூண்டு லட்சம் சனத்தை முள்ளுக்கம்பிக்குள்ள வைச்சது அரசாங்கம், கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு குடுத்தது வெளிநாடு. குடுக்காட்டிச் சனம் பட்டினி, குடுத்தா அடைச்சு வைக்கிறதுக்குத் துணைபோன மாதிரி. அதில எது சரி எண்டு எனக்கு இண்டைக்கும் தெளிவில்லை. ஆனா 2008 புரட்டாதியில கிளிநொச்சியில யூஎன் வாசலில நிண்டு "போகாதேங்கோ" எண்டு சனம் கத்தக் கத்த அவை வெளிக்கிட்டது பிழை. அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, 2012-ல வந்த ஐநாவின்ர சொந்த மீளாய்வு அறிக்கையே அந்தக் காலத்தைப் பெரிய தோல்வி எண்டுதான் எழுதினது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில இந்தியா கட்டின பெரிய கட்டடத்துக்கு இப்ப என்ன பேர்? (மானிப்பாய் மாணவி)

பதில்: யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம். 2025 தையில "திருவள்ளுவர் கலாசார மையம்" எண்டு பேர் வைச்சு, யாழ்ப்பாணம் எங்க போச்சு எண்டு சனம் சண்டை பிடிச்ச பிறகு முன்னுக்குச் சேர்த்தது. பேருக்கு நடந்த சண்டையில காவாசியாவது அதைப் பராமரிக்கிற கரண்ட் பில்லை ஆர் கட்டுறது எண்டதுக்கு நடந்திருக்கலாம்.

கேள்வி: இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குத் தராமல் விட்டது கிளிநொச்சியாரின்ர பெரிய மனசில்லாத வேலை எண்டு என்ர மனுசன் சொல்லுறார். நான் பரந்தன்காரி. வீட்டில தினம் சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கோ அக்கா. (கொக்குவில் வாசகி)

பதில்: ஐயோ, என்னைக் கொண்டுபோய் எங்க மாட்டுறியள். ஆசிய அபிவிருத்தி வங்கி காசு போட்ட திட்டம் அது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில உப்பும் நைத்திரேற்றும், கிளிநொச்சியில இரணைமடு எண்ட பெரிய குளம், குழாயைப் போட்டா முடிஞ்சுது எண்டு கடதாசியில நல்ல வடிவாத்தான் இருந்தது. சிறுபோகத்துக்கே தண்ணி காணாமல் முறை வைச்சு விதைக்கிற கமக்காரனை அந்தக் கடதாசியில காணேல்லை. அவன் எதிர்த்தான். பிறகு திட்டத்தை மாத்தி தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கப் போக, அங்க மீன்பிடிக்கிறவை எதிர்த்தவை. கடைசியில அது 2024 ஆவணியில திறந்தது. ரெண்டு ஊரையும் ஒரு மண்டபத்துக்குள்ள முதலே கூப்பிட்டு இருத்திக் கேட்டிருந்தா உங்கட வீட்டுச் சண்டை மிச்சம். தீர்ப்பு: நீங்கள் சொல்லுறது சரி, ஆனா மனுசனுக்குத் தண்ணி குடுங்கோ.

கேள்வி: நான் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை. ஒன்பது வருசம். போன வருசம் தொடக்கத்தில அமெரிக்கா காசை நிப்பாட்டினது எண்டவுடன எங்களுக்கு நெஞ்சு இடிச்சது. 2028-ல எல்லாம் முடியும் எண்டினம். முடிஞ்சாப் பிறகு எங்களுக்கு என்ன? (பளை வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் நாலு தரம் வாசிச்சனான். வெயிலுக்க முழங்காலில இருந்து, முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டு, சின்ன வாரியால மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா வாரி எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற இடம் முடிஞ்சா அது நல்ல நாள் எண்டு எழுதியிருக்கிறியள். வெளிநாட்டுக் காசு பற்றி எவ்வளவு குறை சொன்னாலும் இந்த வேலையை ஆரும் குறை சொல்லேலாது. வெடி எடுத்த காணியிலதான் மற்ற எல்லாம், வீடு, தென்னை, சீனாவின்ர ரோட்டு, இந்தியாவின்ர ரெயில்.

2025 தையில ட்ரம்ப் வந்தவுடன வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைச்சதில உலகம் முழுக்க இந்த வேலைக்குக் குடுக்கிற காசும் அடிபட்டது. வோஷிங்டனில ஒராள் கையெழுத்து வைக்க, பளையில உங்கட மோட்டார்சைக்கிள் லீசிங் தவணை ஆடுது. 2028 எண்டது கண்ணிவெடியைத் தடைசெய்யிற ஒட்டாவா ஒப்பந்தத்தில இலங்கை 2017-ல சேர்ந்ததால வந்த காலக்கெடு. வேலை நல்லா நடந்தா நீங்கள் வேலையில்லாமல் போவியள். பிந்தினா ஊர்ச் சனம் காணிக்குப் போகேலாது. இதை எந்த அறிக்கையிலயும் ஒரு பிரச்சினையா எழுதி நான் காணேல்லை.

அங்கால இங்கால கேட்டுப் பார்த்தன். போன மாசம் ஒரு கூட்டத்தில இந்த விசயத்தோட சம்பந்தப்பட்ட ஒருத்தர் வந்திருந்தவர், "வெடி எடுக்கிற பிள்ளையளுக்குப் பிறகு என்ன திட்டம்" எண்டு நேராக் கேட்டன். யோசிச்சுப்போட்டு, தையல் பயிற்சி குடுக்கிற எண்ணம் இருக்கு எண்டார். எனக்கு அந்த டிவி வைச்ச மெசின் கண்ணுக்க வந்து சிரிச்சிட்டன், மனுசனுக்கு ஏனெண்டு விளங்கேல்லை. நீங்களும் உங்கட ரீமில இருக்கிற பிள்ளையளும், உங்களுக்கு என்ன வேலை பிடிக்கும், என்ன பழகோணும் எண்டு எழுதி அனுப்புங்கோ. பேர் போடாமல் அப்பிடியே அடுத்த இதழில போடுறன், ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பிவிடுறன்.